அஞ்சாம் பாடமும் ஆறாம் பாடமும்: கணக்கில் தொடர்பு காட்ட எந்த வழி?

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. நோட்டின் ஒரு பக்கத்தில் ஒரு கோட்டின் சாய்வு 1/12 என்று கண்டுபிடித்து எழுதியிருந்தாள். நாலைந்து பக்கம் தள்ளி, ஒரு ஏற்றக்கோணத்துக்கு டேன் தீட்டா 1/12 என்று வந்திருந்தது. இரண்டும் சரியான விடை. "இந்த ரெண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்காம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அது அஞ்சாம் பாடம், இது ஆறாம் பாடம் டீச்சர்" என்றாள்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆயத்தொலை வடிவியல் ஐந்தாம் பாடம், முக்கோணவியல் ஆறாம் பாடம். நாங்கள் அப்படித்தானே நடத்தினோம்? கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளியில் பல வருஷமாகக் கணக்கு எடுக்கும் எனக்கு, அந்தப் பதில் பல நாள் மனசை விட்டுப் போகவில்லை. அப்புறம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டங்களில் கேட்டுப் பார்த்தால், குந்தாவிலும் கூடலூரிலும் வேலை செய்கிற ஆசிரியர்களுக்கும் இதே கவலை. "பாடங்களைத் தொடர்புபடுத்தி நடத்துங்கள் என்கிறார்கள். எப்படி நடத்துவது? எதற்கு நேரம் இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லித்தருகிற பெற்றோர் சிலரும் கேட்டிருக்கிறார்கள்.

நான் நாலு வழிகளைச் செய்து பார்த்திருக்கிறேன். எதை எப்போது எடுக்கலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல், எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: தொடர்பைக் கண்டுபிடிப்பது யார்? ஆசிரியர் சொல்லி மாணவர் எழுதிக்கொண்டால், அது மனப்பாடம் செய்யவேண்டிய இன்னொரு வரி ஆகிவிடுகிறது. "சாய்வு என்பது டேன் தீட்டா" என்று அந்த மாணவியின் நோட்டிலேயே கட்டம் போட்டு எழுதியிருந்தது. நான்தான் எழுதவைத்தேன்.

இரண்டாவது, நேரம். நீலகிரியில் கனமழைக்கு விடுமுறை விட்டால் சேர்ந்தாற்போல நாட்கள் போய்விடும். மழை விட்டாலும் மண் சரிந்து பஸ் வராத ஊர்ப் பிள்ளைகள் வரமாட்டார்கள். சமவெளிப் பள்ளிக்கு இருக்கிற பீரியட் கணக்கு நமக்கு இல்லை.

மூன்றாவது, மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு உள்ளே வர வாசல் இருக்கிறதா என்பது. நான்காவது, பொதுத்தேர்வு. நூறு மதிப்பெண்ணில் ஐம்பது ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்கு, பதினாறு வரைபடத்துக்கும் வடிவியல் வரைதலுக்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் ஒரு ஆசிரியரிடம் புதிய முறை பேசுவது நியாயம் இல்லை. கடைசியாக, ஆசிரியர் முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து தயாரிக்கவேண்டிய வேலை.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது. அமெரிக்கக் கணித ஆசிரியர்கள் மன்றம் 2000ல் வெளியிட்ட கற்பித்தல் நெறிகளில் 'தொடர்புகள்' என்று தனியாக ஒரு நெறியே உண்டு. அதில் கணிதக் கருத்துகளுக்கு இடையே உள்ள தொடர்பும், கணிதத்துக்கும் வெளி உலகத்துக்கும் உள்ள தொடர்பும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. நம் பயிற்சிகளில் தொடர்பு என்றாலே கடைக்கணக்கும் வீட்டுக்கணக்கும்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த மாணவிக்கு விட்டுப்போனது முதல் வகை.

## வழி 1: பாடம் முடிந்ததும் ஐந்து நிமிடம்

பாடத்தைப் புத்தக வரிசையிலேயே நடத்துவது, முடிந்ததும் "இதை முன்னால் எங்கே பார்த்தோம்?" என்று ஐந்து நிமிடம் பேசி முடிச்சுப் போடுவது. சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, பாடப் பெயர்களுக்கு இடையே கோடு இழுத்துக்கொண்டே போகலாம்.

செலவு குறைவு, தயாரிப்பும் குறைவு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து வைத்து நடத்துகிறவர், பாதி வருஷத்தில் மாற்றலாகி வந்தவர் இதிலிருந்து தொடங்கலாம்.

ஆனால் மணி அடிக்கிற நேரத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்த ஐந்து நிமிடம்தான். அது நடந்தாலும் பெரும்பாலும் நாமே கேள்வி கேட்டு நாமே பதில் சொல்லிவிடுகிறோம். சார்ட்டும் அப்படித்தான். ஒரு வருஷம் அழகாக வரைந்து ஒட்டினோம். கோடு எங்கே இழுக்கவேண்டும் என்று நான் சொன்னேன், கையெழுத்து நன்றாக இருக்கிற பிள்ளை இழுத்தாள். மற்றவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

## வழி 2: ஒரே கணக்கு, பல வழி

ஒரு பீரியட் முழுக்க ஒரே கணக்கு. பிள்ளைகள் தனித்தனியாகவோ ரெண்டு பேராகவோ செய்வார்கள். வேறுவேறு வழியில் செய்தவர்கள் கரும்பலகையில் எழுதுவார்கள். அப்புறம் வழிகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பேசுவது.

நான் அடிக்கடி எடுக்கிற கணக்கு இது: (1, 2), (4, 4), (10, 8) ஆகிய மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா?

முதலில் வருவது பரப்புச் சூத்திரம். மூன்று புள்ளிகளையும் வைத்துப் போட்டால் −4 + 24 − 20, அதாவது பூஜ்யம். முக்கோணத்துக்குப் பரப்பே இல்லை, ஆகவே ஒரே கோடு. அடுத்தது சாய்வு: 2/3, பிறகு 4/6, இரண்டும் ஒன்று. தொலைவுச் சூத்திரத்தில் செய்கிறவர்களுக்கு √13, √52, √117 என்று வரும். அங்கேயே நிறுத்திவிட்டுத் திருதிருவென்று விழிப்பார்கள். √52 என்பது 2√13, √117 என்பது 3√13 என்று யாராவது பிரித்ததும், ஒன்றும் இரண்டும் மூன்று என்று பட்டென்று புரியும். ஒன்பதாம் வகுப்பில் எதற்குப் படிக்கிறோம் என்று தெரியாமல் படித்த மூலங்களுக்கு அன்றைக்குத்தான் ஒரு வேலை வருகிறது.

ஒரு தடவை, எந்தச் சூத்திரமும் ஞாபகம் வராத ஒரு பையன் கிராஃப் ஷீட்டை எடுத்தான். புள்ளிகளை வைத்தான். "மூணு கட்டம் வலது பக்கம், ரெண்டு கட்டம் மேல. திரும்ப மூணு, திரும்ப ரெண்டு. இன்னொரு தடவை போனா பத்து, எட்டு வந்துருது டீச்சர். படிக்கட்டு மாதிரி" என்றான். அவனைப் பலகையில் வரையச் சொன்னேன். 1, 4, 7, 10 என்று ஒரு வரிசை. 2, 4, 6, 8 என்று இன்னொரு வரிசை. "இது கூட்டுத் தொடர்வரிசை!" என்று பின்பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது. அது இரண்டாம் பாடம். படிக்கட்டின் ஒரு படியையும் அடுத்த இரண்டு படிகளையும் பார்த்தால் சின்ன முக்கோணமும் பெரிய முக்கோணமும் வடிவொத்தவை. அது நாலாம் பாடம். கீழிருந்து மேலே போகும் பாதையை இடையில் உள்ள (4, 4) என்ற புள்ளி 1:2 என்ற விகிதத்தில் பிரிக்கிறது. அந்தப் படிக்கட்டின் கோணத்துக்கு டேன் மதிப்பு என்ன என்று கேட்டேன். 2/3 என்று நாலு குரல் ஒன்றாக வந்தது. அன்றைக்கு நான் ஒன்றையும் சொல்லித்தரவில்லை.

அன்று கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. கரும்பலகையை அழிக்கக்கூடாது. ஜப்பானியப் பள்ளிகளில் பலகையில் எதை எங்கே எழுதுவது என்று முன்கூட்டியே திட்டமிட்டு, பாடம் முடியும்வரை எல்லாவற்றையும் அப்படியே விட்டுவைப்பார்கள். அதற்குப் 'பன்ஷோ' என்று பெயர். ஐந்து வழிகள் பக்கத்துப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும்போதுதான் பிள்ளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போடுகிறது.

இன்னொன்று, வழிகளை அழைக்கும் வரிசை. முதல் ரேங்க் பிள்ளை பரப்புச் சூத்திரத்தை முதலில் எழுதிவிட்டால் மற்றவர்கள் நோட்டை மூடிவிடுவார்கள். படிக்கட்டை முதலில் கூப்பிடுங்கள், சூத்திரத்தைக் கடைசியில்.

மறைந்திருக்கும் செலவு. எல்லா வழிகளையும் முந்தின நாளே நீங்கள் போட்டுப் பார்த்திருக்கவேண்டும். வகுப்பில் முதல் ஏழெட்டு நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அந்த அமைதியைத் தாங்குவது கஷ்டம். தாங்க முடியாமல் நாம் குறிப்புக் கொடுத்தால் கதை முடிந்தது. டிம்ஸ் என்ற பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வின் 1999 வீடியோ ஆய்வில் ஏழு நாடுகளின் எட்டாம் வகுப்புக் கணித வகுப்புகளை ஆராய்ந்தார்கள். கருத்துகளைத் தொடர்புபடுத்தக் கூடிய கணக்குகள் அமெரிக்க வகுப்புகளிலும் கொடுக்கப்பட்டன. ஆனால் நடத்தும்போது கிட்டத்தட்ட எல்லாமே வெறும் செய்முறையாகவோ விடையாகவோ சுருங்கிவிட்டன. நல்ல கணக்கைத் தேடிப் பிடிப்பதில் பாதி வேலைதான் முடிகிறது என்று இதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

"ஒரு பீரியடுக்கு ஒரு கணக்கா? போர்ஷன் எப்படி முடியும்?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் மேலே சொன்ன அந்த ஒரு கணக்கு ஐந்து பாடங்களுக்கு ரிவிஷன் ஆகிவிட்டது. தேர்வில் ஒரு சூத்திரம் மறந்துபோனால் இன்னொரு வழி கையில் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லவேண்டும்: கேள்வியிலேயே 'சாய்வைப் பயன்படுத்தி' என்று இருந்தால் சாய்வில்தான் செய்யவேண்டும். இதைப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

எப்போது வேண்டாம்? குறை எண்களைக் கூட்டிக் கழிப்பதிலேயே தடுமாறும் வகுப்பில் இந்தக் கணக்கை எடுத்தால் நேரம் முழுக்கக் குறித் திருத்தத்திலேயே போய்விடும். அங்கே 25 × 16 போதும். நூறை நாலால் பெருக்குகிறவன் ஒருத்தன், இருபதாகவும் ஐந்தாகவும் உடைக்கிறவள் ஒருத்தி, செவ்வகம் வரைந்து நாலு அறையாகப் பிரிக்கிற பிள்ளை இன்னொன்று. அந்த நாலு அறைச் செவ்வகம்தான் எட்டாம் வகுப்பில் இயற்கணிதக் கோவைகளைப் பெருக்கும்போது திரும்ப வரும்.

## வழி 3: ஊரிலிருந்து தொடங்குவது

நீலகிரியில் இருந்துகொண்டு சாய்வு நடத்த மலை ரயிலை எடுக்காமல் இருக்க முடியுமா? மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம். குன்னூர் ஏறத்தாழ 1,710. ஊட்டி 2,203. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறத்தாழ 28 கிலோமீட்டர், அங்கிருந்து ஊட்டி ஏறத்தாழ 18. பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். குன்னூர் வரை சராசரியாக 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு 37க்கு ஒன்று. "அதனாலதான் பல்சக்கரம் குன்னூரோட முடிஞ்சுடுதா?" என்று ஒருத்தன் கேட்டான். பல்சக்கரப் பாதை கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையில் இருப்பதும், குன்னூரில் இன்ஜின் மாறுவதும் அவர்களுக்குத் தெரிந்த சங்கதி. காரணம் அன்றைக்குத்தான் எண்ணாகக் கையில் வந்தது.

முழுப் பாதைக்கும் சராசரி என்ன என்றதும் 20ஐயும் 37ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 28½ என்றார்கள். நேரடியாகப் போட்டால் 46 கிலோமீட்டருக்கு 1,877 மீட்டர், அதாவது 24½க்கு ஒன்று. ஏன் ஒத்துவரவில்லை? ஒரு பீரியட் முழுக்க இதற்கே போனது, போனதில் எனக்கு வருத்தம் இல்லை. சராசரி எடுக்கவேண்டியது 20ஐயும் 37ஐயும் அல்ல, 1/20, 1/37 என்ற சாய்வுகளை; அதிலும் நீளம் வேறுபட்டால் சராசரி எந்தப் பக்கம் சாயும் என்பது எட்டாம் பாடமான புள்ளியியலுக்கும் பயன்படும்.

மிகச் செங்குத்தான இடத்தில் ஏறத்தாழ 12க்கு ஒன்று. தரையில் 12 மீட்டரா, தண்டவாளத்தின் மேல் 12 மீட்டரா? முதலாவது டேன், இரண்டாவது சைன். போட்டுப் பார்த்தால் 4.76 டிகிரி, 4.78 டிகிரி. கோணம் சின்னதாக இருந்தால் இரண்டும் ஏன் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்ற கேள்விக்கு அவர்கள் பதினொன்றாம் வகுப்பில் பதில் தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்த வழியை முதலில் எடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

ஒரு மாதம் கழித்து "சாய்வு என்றால் என்ன?" என்று கேட்டேன். பாதிப் பேருக்கு அது 'ரயில் பாடம்'. இன்ஜின் ஞாபகம் இருந்தது, விகிதம் ஞாபகம் இல்லை. கதை சுவையாக இருந்தால் கணக்கை விழுங்கிவிடுகிறது. அதோடு, ரயிலைத் தினமும் பார்க்கிற பிள்ளைகளில் பல பேர் அதில் ஏறியதே இல்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தமிழும் மலையாளமும் பழங்குடி மொழிகளும் பேசுகிற பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தருக்குப் பழக்கமான பொருள் அடுத்த பெஞ்சுக்குப் பழக்கம் இல்லாமல் இருக்கும்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். ஏழாம் வகுப்புக்கு விகிதமும் சதவீதமும் நடத்தத் தேயிலையை எடுத்தேன். நாலு, நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் கிடைக்கும். கணக்கு அழகாக அமையும்: 20 கிலோ ஈர இலை, ஈரத்துக்கு நூற்றுக்குப் பத்து கழித்தால் 18 கிலோ, அதிலிருந்து 4 கிலோ தூள். பத்தில் ஒன்பது பங்கு, அதில் ஒன்பதில் இரண்டு பங்கு, பெருக்கினால் ஐந்தில் ஒரு பங்கு. பின்னப் பெருக்கலும் சதவீதத்தின் சதவீதமும் ஒன்றே என்று பிள்ளைகளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். தொழிற்சாலைக்கு இலை போட்ட ரசீதை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். இலைக்கு விலை விழுந்து கிடந்த நேரம் அது. ஒரு பெண் கொண்டுவரவில்லை. கேட்டதற்கு, "அப்பா வேண்டாம்னு சொல்லிட்டார் டீச்சர்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வீட்டின் வருமானத்தை வகுப்பில் விரித்துப் போடச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அதற்குப் பிறகு எண்களை நானே கொண்டுபோகிறேன்.

செலவே இல்லாத ஒரு உள்ளூர்க் கணக்கு உண்டு. உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை சுமார் ஒரு டிகிரி குறையும். கடல்மட்டத்தில் 100 டிகிரி, கோத்தகிரியில் 94 அளவில், ஊட்டியில் 92½ அளவில். குக்கர் இல்லாவிட்டால் பருப்பு ஏன் வேகமாட்டேன் என்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இதில் நேரிய சார்பும், குறைச் சாய்வும், −1 பொது வித்தியாசமாக உள்ள தொடர்வரிசையும் ஒரே கிராஃப் ஷீட்டில் வந்துவிடும்.

எப்போது இதுவே சரி? கணக்கு என்றாலே பயந்து வாயே திறக்காத வகுப்பில். அங்கே பேச்சைத் தொடங்கிவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் அதே எண்ணத்தை வேறொரு பொருளில் இன்னொரு தடவை காட்டிவிட்டுத்தான் விடவேண்டும். ரயிலுக்குப் பிறகு பருப்பு.

## வழி 4: பாட வரிசையை மாற்றுவது

வடிவொத்த முக்கோணம், சாய்வு, டேன் மூன்றையும் அடுத்தடுத்து வைத்து நடத்துவது. ஆறாம் வகுப்பில் நாங்கள் நடத்திய பருவப் புத்தகங்களில் விகிதம் முதல் பருவத்திலும் பின்னம் மூன்றாம் பருவத்திலும் இருந்தன; அவற்றையும் பக்கத்தில் கொண்டுவரலாம். கருத்தளவில் இதுதான் மிகச் சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. நடைமுறையில் காலாண்டுத் தேர்வுக்கு எல்லாப் பள்ளிக்கும் ஒரே வினாத்தாள், ஒரே போர்ஷன். வரிசையை மாற்றிய வருஷம் என் பிள்ளைகள் நடத்தாத பாடத்திலிருந்து கேள்வி வந்து திண்டாடினார்கள். தேர்வுக்கட்டாயம் குறைவாக உள்ள ஒன்பதாம் வகுப்பில், அதுவும் அதே ஆசிரியர் பத்தாம் வகுப்புக்கும் கூடவே போவதாக இருந்தால், செய்து பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஐந்து நிமிட முடிச்சு | ஒரே கணக்கு, பல வழி | ஊர்ப்பொருள் | வரிசை மாற்றம் |
|---|---|---|---|---|
| தொடர்பைக் காண்பது | பெரும்பாலும் ஆசிரியர் | மாணவர் | இருவரும் | ஆசிரியர் வழிகாட்ட மாணவர் |
| நேரம் | மிகக் குறைவு | வாரம் ஒரு பீரியட் | இரண்டு முதல் நாலு பீரியட் | தனியாகத் தேவையில்லை |
| மெல்லக் கற்போருக்கு வாசல் | குறுகலானது | கிராஃப் ஷீட் இருந்தால் உண்டு | அகலமானது | கொஞ்சம் |
| பொதுத்தேர்வுக்கு | சிறிது | நன்றாக உதவும் | நேரடியாக இல்லை | காலாண்டில் சிக்கல் |
| தயாரிப்பு | பத்து நிமிடம் | ஒரு மணி நேரம் | அதிகம் | வருஷத் தொடக்கத்தில் மொத்தமாக |
| எதிர்பாராத செலவு | மணி அடித்தால் போச்சு | குறிப்புக் கொடுத்துக் கெடுப்பது | கதை கணக்கை விழுங்குவது | பொது வினாத்தாள் |

பத்தாம் வகுப்பு எடுக்கிறவர் கேட்டால், வாரத்துக்கு ஒரு பீரியட் இரண்டாம் வழிக்கு ஒதுக்குங்கள் என்பேன். வெள்ளிக்கிழமை வேண்டாம்; பாதியில் நின்றால் சனி, ஞாயிறு தாண்டி யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஜூனில் பயத்தைப் போக்க ஒரே ஒரு ஊர்ப்பொருள் கணக்கு, பிறகு டிசம்பர்வரை வாரம் ஒரு பல வழிக் கணக்கு, அரையாண்டுக்குப் பிறகு ரிவிஷனில் ஐந்து நிமிட முடிச்சு. இப்போது நான் போகிற வரிசை இது. ஆறாவது, ஏழாவது எடுக்கிறவர்களுக்கு ஊர்ப்பொருளின் பங்கைக் கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. மழையில் பத்து நாள் போய்விட்டால் எதை விடுவது? ஊர்ப்பொருளை விடுங்கள், பல வழிக் கணக்கை விடாதீர்கள்.

வீட்டில் சொல்லித்தருகிற பெற்றோருக்கு இவ்வளவு எதுவும் தேவையில்லை. பிள்ளை ஒரு கணக்கை முடித்ததும் அடுத்த கணக்குக்கு ஓடவிடாமல், "இதையே வேற மாதிரி செய்ய முடியுமா? வேற எந்தப் பாடத்துல இந்த மாதிரி பார்த்தே?" என்று கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று இல்லை. என் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், தோட்டத்து வேலைக்குப் போகிறவர். தினமும் ராத்திரி இந்தக் கேள்வியைக் கேட்கிறார். அவன் அவருக்குப் புரியும்வரை விளக்குகிறான்.